சர்க்கரையே இல்லாமல் 'டயாபடிஸ்' எப்படி வரும்?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். அம்மாவுக்கு மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் இருந்த கட்டிக்கு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்திருக்கிறார். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'டயாபடிஸ் இன்சிபிடஸ்' என்று போட்டிருக்கிறது. ரத்தச் சர்க்கரையோ வெறும் வயிற்றில் 92, சாப்பிட்ட பின் 118. ஆனாலும் பெரியம்மாவிலிருந்து பக்கத்து வீடு வரை எல்லோரும் அம்மாவுக்கு 'சுகர்' வந்துவிட்டது என்று முடிவுகட்டிவிட்டார்கள். காபியில் சர்க்கரை நின்றுபோயிற்று. ராத்திரி நாலைந்து தடவை எழுந்திருக்கிறார் என்று தண்ணீரையும் குறைக்கச் சொல்கிறார்கள். அகராதியைப் புரட்டினால் டயாபடிஸ் என்றால் நீரிழிவு, நீரிழிவு என்றால் சர்க்கரை நோய் என்று இருக்கிறது. அப்படியானால் ஆஸ்பத்திரி தப்பா, அகராதி தப்பா என்கிறீர்கள். கேட்டது சொல்லைப் பற்றி. ஆனால் உங்களுக்குத் தெரிய வேண்டியது அம்மாவுக்கு எதைக் கொடுக்கலாம், எதைத் தடுக்கலாம் என்பது. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் இந்த நோயில் பெயர்க் குழப்பம்தான் நோயாளிக்குக் கெடுதலாக முடிகிறது.

நான் மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் பாடம் நடத்தியவன். வார்டில் நின்று மருந்து எழுதுவது என் வேலையாக இருந்ததில்லை. ஆகவே மாத்திரை எவ்வளவு, எத்தனை வேளை என்பதெல்லாம் அம்மாவைப் பார்க்கும் ஹார்மோன் டாக்டர் சொல்வதுதான். உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவு: ஆஸ்பத்திரி எழுதியது சரி. நீங்கள் கொடுத்திருக்கும் அளவுகள்படி அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இல்லை. இந்த நோய்க்காக காபியில் சர்க்கரையை நிறுத்தக் காரணமே கிடையாது. தாகம் என்று தண்ணீர் கேட்கும்போது தடுப்பது ஆபத்து. அதை இன்றைக்கே விடச் சொல்லுங்கள்.

இனி பெயருக்கு வருவோம். 'டயாபடிஸ்' கிரேக்கச் சொல். ஊடே கடந்து போவது என்று பொருள்படும் வினையிலிருந்து பிறந்தது. உறிஞ்சுகுழாய்க்கும் கிரேக்கர்கள் அதே சொல்லைப் புழங்கினார்கள். பேரலில் இருக்கும் மண்ணெண்ணெயில் ரப்பர் குழாயின் ஒரு முனையை விட்டு மறுமுனையை வாயால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டால், பிறகு நாம் ஒன்றும் செய்யாமலே எண்ணெய் இறங்கிக்கொண்டே இருக்கும் அல்லவா, அந்தக் குழாய்தான். குடித்த தண்ணீர் உடம்பில் தங்காமல் வழியே போய்க்கொண்டிருக்கிற நோய்க்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. கவனியுங்கள், இந்தப் பெயருக்குள் சர்க்கரை எங்கேயும் இல்லை.

இந்த நோயை முதன்முதலில் விரிவாக வர்ணித்தவர் என்று நமக்குக் கிடைப்பவர், இன்றைய துருக்கியில் உள்ள கப்படோசியாவைச் சேர்ந்த அரெட்டயஸ் என்ற கிரேக்க மருத்துவர். கி.பி. முதல் அல்லது இரண்டாம் நூற்றாண்டு என்று காலம் சொல்வார்கள். சதையும் உறுப்புகளும் உருகிச் சிறுநீராக இறங்குகின்றன என்றார் அவர். நோயாளியால் தண்ணீர் குடிப்பதையும் நிறுத்த முடியாது, சிறுநீர் கழிப்பதையும் நிறுத்த முடியாது என்றார். கடித்தால் தீராத தாகம் எடுக்கும் என்று அக்காலத்தில் நம்பப்பட்ட 'டிப்சாஸ்' என்ற பாம்பையும் இந்த இடத்தில் நினைவுகூர்கிறார். அவர் விவரிப்பில் தாகம் இருக்கிறது, மெலிவு இருக்கிறது, சீக்கிரம் வரும் சாவு இருக்கிறது. இனிப்பு மட்டும் இல்லை. இதே காலத்தை ஒட்டி வாழ்ந்த காலன் என்ற மருத்துவர், தாம் இந்த நோயை இரண்டே தடவைதான் பார்த்ததாக எழுதிவைத்தார். இன்று தெருவுக்குத் தெரு பார்க்கிற நோயை, ரோமப் பேரரசின் மிகப் பெரிய மருத்துவர் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறார்.

அரெட்டயஸ் பார்த்தது எந்த நோயை என்பதில் நிச்சயம் கிடையாது. சதை உருகுகிறது, ஆயுள் குறைகிறது என்பதை வைத்துப் பார்த்தால் இன்சுலின் இல்லாத சர்க்கரை நோய் என்றே தோன்றுகிறது. என் சாய்வும் அந்தப் பக்கம்தான். ஆனால் அவருக்கு இரண்டையும் பிரிக்கும் வழி எதுவும் இல்லை, பிரிக்க வேண்டும் என்ற எண்ணமும் இருந்திருக்காது. பெயரை முதலில் சூட்டியவர் அவரா, அவருக்கு முன்னால் வேறு கிரேக்க மருத்துவர்களா என்பதிலும் வரலாற்றாசிரியர்கள் ஒத்துப்போகவில்லை. நமக்கு வேண்டியது ஒன்றுதான்: கண்ணுக்குத் தெரிந்த அறிகுறிக்குப் பெயர் வைத்தார்கள். காரணம் தெரிய இன்னும் பதினேழு, பதினெட்டு நூற்றாண்டுகள் ஆக வேண்டியிருந்தது.

இனிப்பைக் கவனித்தவர்கள் நம் பக்கத்தவர்கள். சரக, சுசுருத சம்ஹிதைகளில் 'பிரமேகம்' என்ற தலைப்பில் இருபது வகை சிறுநீர்க் கோளாறுகள் வருகின்றன: கபத்தால் பத்து, பித்தத்தால் ஆறு, வாதத்தால் நான்கு. வாதத்தில் அடங்குவது மதுமேகம், தேன் போன்ற சிறுநீர். நோய் வருவதற்கு முந்தைய அறிகுறிகளில் ஒன்றாக, உடம்பிலும் சிறுநீரிலும் எறும்பு மொய்ப்பதைச் சரகர் சொல்கிறார். நாக்கை வைக்காமலேயே இனிப்பைக் கண்டுபிடித்த பரிசோதனை அது. நம் சித்த மருத்துவத்திலும் இருபது மேகம் என்ற கணக்கு உண்டு. இந்த 'மேகம்' வானத்து மேகம் அல்ல. சிறுநீர் கழித்தலைக் குறிக்கும் வடசொல் 'மேஹ'. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. பிற்காலத்தில் பால்வினை நோய்களையும் மேகம் என்றே வழங்கத் தொடங்கியதால் சொல் இன்னும் கலங்கிப்போயிற்று.

அந்த இருபதில் 'உதகமேகம்' என்று ஒன்று இருக்கிறது: தண்ணீரைப் போலத் தெளிந்து, குளிர்ந்து, வாசனையின்றி நிறையப் போகும் சிறுநீர். அம்மாவின் நோயை அன்றே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று இதை வைத்துச் சிலர் எழுதுவார்கள். எனக்கு அவ்வளவு தைரியம் இல்லை. தோற்றம் ஒத்திருக்கிறது என்பது வரை சொல்லலாம். அளவுக்கு மீறித் தண்ணீர் குடிக்கிற எவருக்கும் சிறுநீர் அப்படித்தான் இருக்கும். அந்த வகைப்பாடு சிறுநீரின் நிறம், மணம், சுவை, திடம் ஆகியவற்றை வைத்துச் செய்தது. சுரப்பிகளை வைத்து அல்ல. பழைய பெயரைத் தூக்கி வந்து புதிய நோயின் மேல் ஒட்டினால் இரண்டுக்கும் நியாயம் செய்ததாகாது.

ஐரோப்பாவில் இனிப்பு மருத்துவ நூலுக்குள் அழுத்தமாக வந்தது 1670களில். ஆக்ஸ்ஃபர்டிலும் லண்டனிலும் மருத்துவம் பார்த்த தாமஸ் வில்லிஸ், இந்த நோயாளிகளின் சிறுநீர் தேனோ சர்க்கரையோ கலந்தது போல வியக்கத்தக்க இனிப்பாக இருப்பதாக எழுதினார். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்; அன்று சிறுநீரைக் குவளையில் ஏந்தி நிறம் பார்ப்பதும், முகர்வதும், சுவைப்பதும் மருத்துவரின் அன்றாடம். ஆனால் ஏன் இனிக்கிறது என்பது வில்லிஸுக்கு விளங்கவில்லை. இதே மனிதர்தான் 1664இல் மூளையின் உடற்கூறு பற்றிப் பெரிய நூல் எழுதி, மூளையின் அடியில் ரத்தக் குழாய்கள் வளையமாகச் சேர்வதை விளக்கியவர். 'வில்லிஸ் வளையம்' என்று மாணவர்கள் இன்றும் படம் போட்டுப் பாகம் குறிக்கிறார்கள். அந்த வளையத்துக்கு நடுவில்தான் பிட்யூட்டரியின் காம்பு இறங்குகிறது. இனிக்காத டயாபடிஸின் மூலம் அந்தக் காம்பின் வழியில் இருக்கிறது. அவர் விளக்கிய வளையத்துக்குள்ளேயே இருந்தும் அது அவருக்குத் தெரிய வழியில்லை.

வில்லிஸ் நாக்கால் கண்டதை 1776இல் லிவர்பூல் மருத்துவர் மேத்யூ டாப்சன் அடுப்பில் வைத்து நிரூபித்தார். மருத்துவமனையில் இருந்த ஒரு நோயாளி நாளொன்றுக்குப் பதினைந்து லிட்டருக்கும் மேல் சிறுநீர் கழித்தார். அதில் சுமார் இரண்டு லிட்டரை எடுத்து மெல்லிய சூட்டில் வற்றவைத்தார் டாப்சன். பாத்திரத்தின் அடியில் வெள்ளைக் கட்டி ஒன்று தங்கியது. விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கினால் பொடிந்தது. பழுப்புச் சர்க்கரையின் வாசனை. ருசியிலும் சர்க்கரையிலிருந்து பிரிக்க முடியவில்லை. அத்தோடு விட்டிருந்தால் அது வேடிக்கைச் செய்தியாக நின்றிருக்கும். அவர் நோயாளியின் ரத்தத்தை எடுத்து அதன் தெளிநீரையும் சுவைத்துப் பார்த்தார். சிறுநீர் அளவுக்கு இல்லாவிட்டாலும் அதுவும் இனித்தது. ஆக, சர்க்கரை சிறுநீரகத்தில் உண்டாவதில்லை, ரத்தத்திலேயே இருந்து வடிந்து வருகிறது என்று முடிவு செய்தார். என்னைக் கேட்டால் இந்த நோயின் நவீன வரலாறு அந்த இரண்டாவது சுவைப்பில்தான் தொடங்குகிறது. அது திராட்சைச் சர்க்கரையே என்று 1815இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரல் காட்டியது அதற்குப் பிறகு.

இதே 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இன்னொன்றும் தட்டுப்பட்டது. நிறையத் தண்ணீர் குடித்து நிறையச் சிறுநீர் கழிக்கும் எல்லோருடைய சிறுநீரும் இனிப்பதில்லை. எடின்பரோவில் நோய்களைத் தாவரங்களைப் போல இனம், வகை என்று பட்டியலிட்ட வில்லியம் கல்லன் இதை இரண்டாகப் பிரித்தார். இனிப்பது 'மெல்லிட்டஸ்', லத்தீனில் தேன் கலந்தது. இனிக்காதது 'இன்சிபிடஸ்', லத்தீனில் ருசியற்றது, சப்பென்று இருப்பது. 1794இல் யோஹான் பீட்டர் ஃபிராங்க் என்ற ஜெர்மானிய மருத்துவரும் இந்தப் பிரிவை எழுதினார். இன்சிபிடஸுக்கு அவர் பெயரைச் சொல்லும் நூல்களும் உண்டு. மெல்லிட்டஸ் என்ற அடைமொழியை வில்லிஸே சேர்த்தார் என்று பாடப்புத்தகங்கள் திரும்பத் திரும்ப அச்சிடுகின்றன. அவர் இனிப்பை விவரித்தார் என்பது வரை ஐயமில்லை. பெயராக்கியது பின்னால் வந்தவர்கள் என்று சொல்பவர்களின் வாதம்தான் எனக்கு வலுவாகப் படுகிறது. எப்படியானாலும் உங்கள் கையில் உள்ள காகிதத்தில் இருப்பதற்கு நேர்ப்பொருள் 'ருசியில்லாமல் ஊடே வழிந்தோடுவது'. நோயின் காரணத்தைப் பற்றி அதில் ஓர் எழுத்துகூடக் கிடையாது.

காரணம் இரண்டிலும் முற்றிலும் வேறு. சிறுநீரகங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிகட்டி, அதில் ஒன்றரை, இரண்டு லிட்டரைத் தவிர மற்றதையெல்லாம் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. வடியும் சர்க்கரையையும் அப்படியே மீட்டுவிடுகின்றன. ரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால் மீட்கும் வேகம் போதவில்லை. மிஞ்சிய சர்க்கரை சிறுநீரில் இறங்கும்போது தன்னோடு தண்ணீரையும் இழுத்துப் போகிறது. இது மெல்லிட்டஸ். மற்றதில் சர்க்கரைக்கு எந்தப் பங்கும் இல்லை. சிறுநீரகத்தின் கடைசிக் குழாய்களில் தண்ணீரைத் திரும்ப எடுத்துக்கொள்ள நுண்ணிய நீர்வழிகள் உண்டு. அவை திறப்பதற்கு மூளையிலிருந்து ஒரு ஹார்மோன் உத்தரவு வர வேண்டும். ஹார்மோன் போதாவிட்டால், அல்லது ஹார்மோன் இருந்தும் சிறுநீரகம் அதற்குச் செவிசாய்க்காவிட்டால், வழி திறக்காது. தண்ணீர் அப்படியே கீழே போகும். முற்றிய நிலையில் நாளுக்குப் பதினைந்து, இருபது லிட்டர் வரைகூடப் போகலாம். சிறுநீரகம் செவிசாய்க்காத வகை பரம்பரையாகவும் வரும், மனநோய்க்கு நீண்ட காலம் கொடுக்கும் லித்தியம் மருந்தாலும் வரும். அம்மாவுடையது அதில் சேராது.

இந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்க்க வேண்டுமா, அம்மாவின் சிறுநீர்ப் பரிசோதனைக் காகிதத்தில் 'ஸ்பெசிஃபிக் கிராவிட்டி' என்ற வரியைத் தேடுங்கள். அடர்த்தி எண் அது. முன்பு எங்கள் ஆய்வுக்கூடத்தில் யூரினோமீட்டர் என்ற கண்ணாடி மிதவையை மாணவர்கள் கையில் கொடுப்போம். அடியில் உருண்டை, மேலே அளவு குறித்த மெல்லிய தண்டு. சர்க்கரை நோயாளியின் சிறுநீர் பார்க்க வெளிறிப்போய் இருந்தாலும் மிதவையைத் தூக்கி நிறுத்தும், எண் 1.030ஐத் தாண்டும். இன்சிபிடஸ் சிறுநீரில் தண்டு கழுத்து வரை முங்கும், எண் 1.001, 1.003 என்று நிற்கும், கிட்டத்தட்டக் குழாய்த் தண்ணீர். இரண்டு குவளைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நிறத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. அதனால்தான் ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு மேல் இரண்டும் ஒரே பெயரில் கிடந்தன.

சுரப்பிகளின் கதை தனி. கணையத்தில் தீவு தீவாகக் கிடக்கும் செல்களை 1869இல் பால் லாங்கர்ஹன்ஸ் என்ற மாணவர் தன் ஆய்வேட்டில் விவரித்தார். அவை எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லை. 1889இல் ஜெர்மனியில் மின்கோவ்ஸ்கியும் ஃபான் மேரிங்கும் நாயின் கணையத்தை எடுத்துவிட்டால் சர்க்கரை நோய் வருவதைக் காட்டினார்கள். தீவுக்கு லத்தீன் 'இன்சுலா'. அந்தச் செல்களிலிருந்து வரக்கூடிய ஒன்றுக்கு 'இன்சுலின்' என்று பெயர், பொருளைக் கண்ணில் காண்பதற்கு முன்பே, 1909இல் பெல்ஜியத்தில் டி மேயர் வைத்துவிட்டார். பின்னர் பிரிட்டனில் எட்வர்ட் ஷேஃபரும் தனியாக அதே பெயரை முன்மொழிந்தார். 1921இல் டொரண்டோவில் பேன்டிங்கும் பெஸ்டும் பிரித்தெடுத்து முதலில் 'ஐலெட்டின்' என்றார்கள், நிலைத்தது இன்சுலின்.

அதே ஷேஃபர் 1895இல் ஜார்ஜ் ஆலிவரோடு சேர்ந்து பிட்யூட்டரிச் சாற்றை விலங்குகளுக்குச் செலுத்தி, ரத்த அழுத்தம் எகிறுவதைக் கண்டார். அந்தச் சுரப்பியின் பெயரே ஒரு பிழை. லத்தீனில் 'பிட்யூட்டா' என்றால் சளி. மூளையில் ஊறும் சளி இதன் வழியாக மூக்குக்கு வடிகிறது என்று பல நூற்றாண்டுகள் நம்பினார்கள். 17ஆம் நூற்றாண்டிலேயே அந்த நம்பிக்கை பொய்த்துப்போயிற்று, பெயர் போகவில்லை. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இதைக் 'கபச்சுரப்பி' என்றே படிக்கிறார்கள். அங்கே படித்த டாக்டர் யாராவது அப்படிச் சொன்னால் அம்மாவுக்கு நெஞ்சில் கபம் கட்டியிருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். 1913இல் இத்தாலியில் ஃபாரினியும் ஜெர்மனியில் ஃபான் டென் வெல்டனும் தனித்தனியே, இந்தச் சுரப்பியின் பின்பகுதிச் சாற்றைப் போட்டால் இன்சிபிடஸ் நோயாளியின் சிறுநீர் குறைவதைப் பார்த்தார்கள். 1928இல் அமெரிக்காவில் ஆலிவர் காமும் கூட்டாளிகளும் அந்தச் சாற்றை இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று பிரசவத்தில் உதவும் ஆக்ஸிடோசின். மற்றது ரத்தக் குழாயை இறுக்குவதால் 'வாசோபிரெசின்'. உடம்பில் அதன் அன்றாட வேலை தண்ணீரைக் காப்பாற்றுவது. ஆனால் முதலில் கண்ணில் பட்டது அழுத்தம், பெயரும் அதற்கே போயிற்று. டயாபடிஸுக்கு நடந்தது மறுபடியும் நடந்தது.

அம்மாவுக்கு நடந்திருப்பது இந்த இடத்தில்தான். வாசோபிரெசின் மூளையின் ஹைப்போதலாமஸில் உண்டாகி, காம்பு வழியாக இறங்கி, பிட்யூட்டரியின் பின்பகுதியில் தங்கி, தேவைப்படும்போது ரத்தத்தில் கலக்கிறது. கட்டியை எடுக்கும்போது அந்தக் காம்போ பின்பகுதியோ கொஞ்சம் அசைந்தாலே சுரப்பு தடைபடலாம். பலருக்கு இது சில நாட்களில் தானே சரியாகிவிடும். சிலருக்கு முதலில் சிறுநீர் நிறையப் போய், பிறகு சில நாள் நேர்மாறாகத் தண்ணீர் உடம்பில் தேங்கி, அப்புறம் பழையபடி நிரந்தரமாகப் போக ஆரம்பிக்கும். எந்த வழியில் போகும் என்பதை ஓர் அறிக்கையை வைத்து யாரும் சொல்ல முடியாது. திரும்பத் திரும்ப ரத்தத்தில் சோடியம் என்ற உப்புச்சத்தின் அளவைப் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

அப்படியானால் 'டயாபடிஸ்' என்றாலே சர்க்கரை என்று ஆனது எப்படி? எண்ணிக்கைதான் காரணம். இன்சிபிடஸ் சுமார் இருபத்தைந்தாயிரம் பேரில் ஒருவருக்கு வரும் அரிய நோய். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் மட்டும் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. பெரிய கூட்டம் பொதுப்பெயரை எடுத்துக்கொண்டது. தமிழிலும் இதேதான். 'நீரிழிவு' என்பதில் உள்ள 'இழிவு' கேவலம் அல்ல. மலையிலிருந்து அருவி இழிகிறது என்கிறோமே, அந்த இழிதல், கீழே இறங்குதல் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். அப்படிப் பார்த்தால் நீரிழிவு கிரேக்கச் சொல்லுக்கு அச்சான இணை. அம்மாவின் நோய்க்குச் சர்க்கரை நோயைவிட அதிகம் பொருந்தும். யாழ்ப்பாணத்துச் 'சலரோகம்' என்பதிலும் சர்க்கரை இல்லை, சலம்தான் இருக்கிறது. மலேசியத் தமிழர்கள் 'இனிப்பு நீர்' என்று சொல்வது மட்டும் கண்டிப்பாக மெல்லிட்டஸ். உங்கள் அகராதியைப் பொய் என்று சொல்ல மாட்டேன். இன்றைய வழக்கைச் சொல்கிறது, பழைய பொருளைச் சொல்லாமல் விட்டிருக்கிறது.

இந்தக் குழப்பம் உங்கள் வீட்டோடு நிற்கவில்லை. மருத்துவமனைகளிலேயே 'டயாபடிஸ்' என்ற முதல் சொல்லை மட்டும் படித்துவிட்டு, விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்து, நார்மல் என்று நிம்மதியாகி, போட வேண்டிய ஹார்மோன் மருந்தைப் போடாமல் விட்ட சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன, உயிரும் போயிருக்கிறது. இந்த நோயாளிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டு 2022இல் வெளியான ஓர் ஆய்வில், 80 விழுக்காட்டினர் மருத்துவப் பணியாளர்களே தங்கள் நோயைச் சர்க்கரை நோயோடு குழப்பிக்கொண்டதாகச் சொன்னார்கள். 85 விழுக்காட்டினர் பெயரை மாற்றச் சொன்னார்கள். அதே ஆண்டு பல நாட்டு ஹார்மோன் மருத்துவச் சங்கங்களின் கூட்டுக் குழு பெயரை மாற்றவும் செய்தது. ஹார்மோன் போதாத வகை இனி 'ஆர்ஜினின் வாசோபிரெசின் டெஃபிஷியன்சி', சிறுநீரகம் செவிசாய்க்காத வகை 'ஆர்ஜினின் வாசோபிரெசின் ரெசிஸ்டன்ஸ்'. சுருக்கமாக ஏவிபி-டி, ஏவிபி-ஆர். மனிதரின் வாசோபிரெசினில் எட்டாவது இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. பன்றியினுடையதில் அங்கே லைசின். அதற்காக அந்த முன்னொட்டு.

வாயில் நுழையாத பெயர், ஒப்புக்கொள்கிறேன். வாசோபிரெசின் என்பதே பாதிப் பொருத்தமான பெயர் என்று மேலே சொன்னேன். ஆனாலும் இந்த மாற்றம் நல்லது என்பது என் கட்சி. இதைப் படிக்கிற இளம் டாக்டரோ நர்ஸோ விளங்காவிட்டால் யாரையாவது கேட்பார். 'டயாபடிஸ்' என்று படித்தவர் கேட்க மாட்டார், தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வார். பழைய பெயர் மறைய இன்னும் பல ஆண்டுகள் ஆகும், இரண்டும் சேர்ந்தேதான் புழங்கும். டிஸ்சார்ஜ் சம்மரியில் நோய்க்குறி எண் போட்டிருந்தால் பாருங்கள்: உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாவது பட்டியலில் அம்மாவின் நோய் ஈ 23.2; பிட்யூட்டரிக் கோளாறுகளின் வரிசை. சர்க்கரை நோய்கள் ஈ 10 முதல் ஈ 14 வரை.

ஒரு சின்னக் கிளைக்கதை. சர்க்கரை நோய்க்கு இப்போது பரவலாகக் கொடுக்கும் டாபாகிளிஃப்லோசின், எம்பாகிளிஃப்லோசின் மாத்திரைகள் சிறுநீரகம் சர்க்கரையை மீட்பதைத் தடுத்து வேண்டுமென்றே சிறுநீரில் இறக்கிவிடுகின்றன. ரத்தச் சர்க்கரை கட்டுப்பாட்டில் இருப்பவருக்கும் சிறுநீர் இனிக்கும். அந்த மாத்திரை சாப்பிடுபவரின் சிறுநீர் அறிக்கையில் சர்க்கரை மூன்று பிளஸ், நான்கு பிளஸ் என்று வந்து வீடே கலங்குவதுண்டு. சிறுநீரின் ருசியை வைத்துப் பெயர் வைத்த காலம் எவ்வளவு தூரம் போய்விட்டது என்பதற்காகச் சொன்னேன்.

இனி வீட்டு விஷயம். தண்ணீர் அம்மாவின் கைக்கெட்டும் தூரத்தில் எப்போதும் இருக்கட்டும், ராத்திரியிலும். இந்த நோயில் தாகம்தான் உயிரைக் காக்கிற ஏற்பாடு. குடிப்பதால் சிறுநீர் போவதில்லை, போவதால்தான் குடிக்க வேண்டியிருக்கிறது. தண்ணீரை மறித்தால் சிறுநீர் நிற்காது, ரத்தத்தில் சோடியம் ஏறும். குழப்பம், மயக்கம் வரை கொண்டுபோகும். டெஸ்மோபிரெசின் மாத்திரையோ மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயோ கொடுத்திருப்பார்கள். வாசோபிரெசினைச் சற்று மாற்றி, ரத்தக் குழாயை இறுக்கும் குணத்தை அநேகமாக நீக்கிச் செய்த மருந்து அது. அதை எடுக்க ஆரம்பித்த பிறகு கணக்கு மாறும்: தாகத்துக்கு மட்டும் குடிக்கலாம், 'நிறையக் குடி' என்று வற்புறுத்தக் கூடாது. மருந்து தண்ணீரைப் பிடித்துவைக்கும்போது மேலும் மேலும் ஊற்றினால் சோடியம் இறங்கிவிடும். தலைவலி, குமட்டல், பேச்சில் தடுமாற்றம் தெரிந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய் சோடியம் பார்க்கச் சொல்லுங்கள்.

அம்மாவின் பர்ஸில் ஒரு அட்டை இருக்கட்டும். பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் எழுதி, கீழே 'இது சர்க்கரை நோய் அல்ல. டெஸ்மோபிரெசினை நிறுத்தக் கூடாது. வாய்வழித் தண்ணீர் நிறுத்தினால் சோடியம் கவனிக்கவும்' என்று சேருங்கள். வேறு எதற்காவது ஆபரேஷன் என்று ராத்திரி முதல் பச்சைத் தண்ணீர் கூடாது என்று சொல்கிற நாளில் அது வேலை செய்யும். மருத்துவமனையில் சேர்க்கும்போதே மருந்தைக் கையோடு கொண்டுபோங்கள். எல்லா மருந்தகத்திலும் இருக்காது.

பெரியம்மா 'இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்குச் சுகராக மாறும்' என்று சொல்கிறாராம். மாறாது, ஒன்று மற்றொன்றின் முதல் படி அல்ல. இரண்டும் ஒருவருக்கே சேர்ந்து வருகிற வுல்ஃப்ரம் என்ற பரம்பரை நோய் உண்டு. மிக அரிது, பெரும்பாலும் சிறுவயதிலேயே தெரிந்துவிடும், அம்மாவின் வயதில் யோசிக்க வேண்டியதில்லை. ஆனால் 58 வயதில் மற்ற எவரையும் போல அம்மாவுக்கும் தனியாகச் சர்க்கரை நோய் வரலாம். பிட்யூட்டரி ஆபரேஷனுக்குப் பிறகு ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர் என்றால், அளவு கூடும்போது ரத்தச் சர்க்கரையும் ஏறக்கூடும். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை வழக்கம்போல சர்க்கரையும் பாருங்கள். மருந்து சரியாகப் போய்க்கொண்டிருக்கும்போதே தாகம் மறுபடி கூடினால் சோடியம், சர்க்கரை இரண்டையும் ஒரே நாளில் எடுத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள்.